‘ஐ கோ’ எப்போது, ‘ஐ ஆம் கோயிங்’ எப்போது?

ஒரு வாசகரின் கேள்வி இது: சிம்பிள் பிரசன்ட் டென்ஸின் விதிகளெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தலைகீழ்ப் பாடம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் தவறே வராது. ஆனால் பேச வாயைத் திறந்தால் எல்லாம் ‘ஐ ஆம் கோயிங்’, ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்றுதான் வருகிறது. எங்கே எதைச் சொல்வது? கூடவே, தான் அடிக்கடி சொல்லும் ஆறு வாக்கியங்களையும் எழுதி, இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறார்.

‘ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே.’
‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.’
‘மை ஃபாதர் டோன்ட் நோ இங்கிலீஷ்.’
‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்.’
‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்.’
‘ஐ ஆம் லிவிங் வித் மை அன்கிள்.’

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஆறு பேரும் எனக்குப் பழைய முகங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து எழுந்து வந்துவிடுவார்கள். இவற்றில் ஐந்து தவறு. ஆனால் அந்த ஐந்தையும் சொன்னவர் கவனக்குறைவானவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் ஒழுங்கான தமிழ் வாக்கியம் ஒன்று நிற்கிறது. அந்தத் தமிழ் வாக்கியத்தைப் பிடித்துவிட்டால், ஆங்கில வாக்கியம் ஏன் அப்படிக் கோணியது என்பது தெரிந்துவிடும்.

முதல் குற்றவாளி பெயர்தான். ‘பிரசன்ட்’ என்றதும் ‘நிகழ்காலம்’ என்று எழுதிக்கொள்கிறோம். நிகழ்காலம் என்றதும் ‘இப்போது நடப்பது’ என்று எண்ணிக்கொள்கிறோம். பிறகு இப்போது நடப்பதை எல்லாம் அந்த டென்ஸில் சொல்லப் போய், அது ஒத்துவராமல், ‘இங்’ சேரும் கன்டினியூயஸில் போய் அடைக்கலம் புகுகிறோம். சிம்பிள் பிரசன்டுக்கும் ‘இந்த நிமிடம்’ என்பதற்கும் பெரிய உறவு கிடையாது. ‘ஷி சிங்ஸ்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். பாடுவது அவருடைய வழக்கம் அல்லது தொழில் என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. இந்த நிமிடம் அவர் வாய் பாடுகிறது என்றால் ‘ஷி இஸ் சிங்கிங்’.

ஆங்கிலமும் எப்போதும் இப்படிக் கறாராக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், கையில் புத்தகத்தோடு வரும் ஹாம்லெட்டைப் பார்த்து, என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்கிறார். அங்கே இருக்கும் சொற்கள் ‘வாட் டூ யூ ரீட்’. இன்று எவரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். கண்ணெதிரே படித்துக்கொண்டிருப்பவரிடம் ‘வாட் ஆர் யூ ரீடிங்’ என்றுதான் கேட்பார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே வடிவம் இரண்டு வேலையையும் பார்த்தது. பிறகு பாகப்பிரிவினை நடந்தது. இப்போது நடப்பது ‘இங்’ வடிவத்தின் பங்குக்குப் போயிற்று. பொதுவாக நடப்பது பழைய வடிவத்திடமே தங்கிவிட்டது. தமிழில் ‘என்ன படிக்கிறாய்?’ என்பது இன்னும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. கையிலிருக்கும் புத்தகத்தைக் காட்டியும் கேட்கலாம், கல்லூரியில் எந்தப் பாடம் என்றும் கேட்கலாம். நமக்குப் பிரச்சினை தொடங்கும் இடம் இது.

ஆனால் தமிழ் நம்மை அப்படியே கைவிடவும் இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், வினையியல் பகுதியில், ஒரு விதி வருகிறது. மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கும் இயற்கையை எந்தக் காலத்தால் சொல்வது என்ற கேள்வி அங்கே எழுகிறது. அதை நிகழ்காலத்துக்கு உரிய ‘செய்யும்’ என்ற பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு: ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லில் ‘நிற்கும்’. பள்ளியில் ‘நிற்கும்’ என்பதை எதிர்காலம் என்று மட்டும் படித்ததால், அதற்கு இந்த இன்னொரு வேலை இருப்பதை மறந்துவிட்டோம். பேச்சில் மறக்கவில்லை. ‘இந்தப் பூனை கடிக்குமா?’ என்று கேட்பவர் நாளை கடிக்குமா என்று கேட்கவில்லை.

சிம்பிள் பிரசன்ட் என்பது இந்த ‘மலை நிற்கும்’ காலம்தான். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. நீங்கள் சொல்ல வந்த தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வினையை ‘செய்வேன், செய்வார், செய்யும்’ என்ற வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசன்ட். ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று மாற்றினால்தான் பொருள் சரியாக வருகிறது என்றால் கன்டினியூயஸ்.

‘காலையில் நடக்கிறேன்’ என்பதை ‘காலையில் நடப்பேன்’ என்று மாற்றலாம். வழக்கம் என்ற பொருள் கெடவில்லை. ஆகவே ‘ஐ வாக் இன் தி மார்னிங்’. ‘பேசாதே, குழந்தை தூங்குகிறது’ என்பதை ‘பேசாதே, குழந்தை தூங்கும்’ என்று மாற்றினால் கேட்பவர் விழிப்பார். ‘தூங்கிக்கொண்டிருக்கிறது’ என்றால் பொருந்துகிறது. ஆகவே ‘தி பேபி இஸ் ஸ்லீப்பிங்’. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இன்னொன்று. ‘அவர் குடிப்பாரா?’ என்று தமிழில் கேட்டால் காபியையோ மோரையோ யாரும் நினைப்பதில்லை. மதுப்பழக்கம் உண்டா என்பதே கேள்வி. ஆங்கிலத்தில் ‘டஸ் ஹி ட்ரிங்க்?’ என்று கேட்டாலும் அதே பொருள்தான். எதைக் குடிப்பது என்று சொல்லாமலே இரண்டு மொழியிலும் விஷயம் புரிந்துவிடுகிறது. ‘அவர் குடிக்கிறாரா?’ என்று கேட்டால், மருந்தைச் சொல்கிறாரா, தண்ணீரைச் சொல்கிறாரா என்ற சந்தேகத்துக்காவது இடம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் ஒரு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞரிடம் ‘வாட் டூ யூ டூ?’ என்றேன். அவர் குழப்பத்தோடு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு மிகவும் பணிவாக, ‘ஐ ஆம் சிட்டிங், சார்’ என்றார். வகுப்பு சிரித்தது. அவர் மேல் தவறில்லை. ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று தமிழில் ஓடியது அவர் மனத்தில். அந்த நொடியில் அவர் செய்துகொண்டிருந்தது உட்கார்ந்திருப்பதுதான். நான் கேட்டது அவருடைய தொழிலை. ‘டூ யூ’ என்று தொடங்கும் கேள்வி உங்கள் வாழ்க்கையைப் பற்றியது, ‘ஆர் யூ’ என்று தொடங்கி ‘இங்’ என்று முடியும் கேள்வி இந்த வேளையைப் பற்றியது என்று அன்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த இளைஞர் அதன் பிறகு ஒருமுறைகூட இதில் தவறவில்லை. சிரிப்புக்கு அவ்வளவு நினைவாற்றல் உண்டு.

இந்தச் சோதனையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘எழுவேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஐ வில் கெட் அப்’ ஆகிவிடும். உங்கள் முதல் வாக்கியம் விழுந்த பள்ளம் இதுதான். ‘தினமும் ஐந்து மணிக்கு எழுவேன்’ என்பதில் இருப்பது மலை நிற்பது போன்ற ‘வேன்’. வருங்காலத்து ‘வேன்’ இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே’ என்றால் போதும். ‘வில்’ போட்டுவிட்டால், இனிமேல் எழுவதாக உறுதி எடுக்கிறீர்கள், இதுவரை எழுந்ததில்லை என்று கேட்பவர் எண்ணுவார். புத்தாண்டுத் தீர்மானம் மாதிரி ஆகிவிடும்.

நேர்மாறான பள்ளமும் உண்டு. ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’, ‘கதவை நான் திறக்கிறேன்’ என்றெல்லாம் தமிழில் நிகழ்கால வடிவத்தில் சொல்கிறோம். உண்மையில் இவை எல்லாம் இனிமேல் செய்யப்போகும் காரியங்கள். அந்த நிமிடத்தில் எடுத்த முடிவுகள். இங்கே சிம்பிள் பிரசன்ட் வரவே வராது. ‘ஐ கால் யூ லேட்டர்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைப்பவர்கள் ஏராளம். ‘ஐ வில் கால் யூ லேட்டர்’ என்பதுதான் சரி. ‘வில்’ போட வேண்டாத இடத்தில் போடுவதும், போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதும் ஒரே ஆளிடம் இருக்கும் என்பது வேடிக்கை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தமிழ் வினையின் விகுதியைப் பார்த்து மொழிபெயர்க்கிறோம், பொருளைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.’ ஆங்கிலத்தில் சில வினைகள் செயலைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கின்றன. அறிவது, நம்புவது, விரும்புவது, வேண்டியிருப்பது, உடைமையாக இருப்பது, ஒத்திருப்பது போன்றவை. ‘நோ’, ‘பிலீவ்’, ‘லைக்’, ‘வான்ட்’, ‘நீட்’, ‘ஹேவ்’, ‘பிலாங்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்று பட்டியல் நீளும். இவற்றுக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு ஓட்டம் கிடையாது. ஓட்டம் இல்லாததால் ‘இங்’ ஒட்டாது. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை, ஏனென்றால் தமிழே அந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. ‘எனக்கு அவரைத் தெரியும்’, ‘இந்தப் பாட்டுப் பிடிக்கும்’, ‘தண்ணீர் வேண்டும்’, ‘நீந்த முடியும்’, ‘இவ்வளவு போதும்’. ஒவ்வொன்றும் என்ன வடிவத்தில் முடிகிறது என்று பாருங்கள். எல்லாம் ‘செய்யும்’ வாய்பாடு. எல்லாம் ‘மலை நிற்கும்’. ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. அப்படியிருக்க ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ மட்டும் எப்படி வாயில் வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

‘ஹேவ்’ மட்டும் கொஞ்சம் தனிப் பேர்வழி. உடைமையையும் உறவையும் சொல்லும்போது அது நிலை: ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’. சாப்பிடுவது, குளிப்பது, கூட்டம் நடத்துவது போன்றவற்றைச் சொல்லும்போது அது செயல். அப்போது ‘வீ ஆர் ஹேவிங் லன்ச்’ என்பது சரியான ஆங்கிலம். ஆங்கிலத்தில் பிள்ளைப்பேற்றையும் இந்தச் சொல்லால் சொல்வார்கள் என்பதுதான் ஆபத்து. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள். ஒரு மாணவி, வெளிநாட்டு அலுவலகத்தோடு நடந்த முதல் காணொளிச் சந்திப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்றிருக்கிறார். மறுமுனையில் இருந்தவர் முகம் மலர்ந்து வாழ்த்துச் சொல்லி, இரட்டைக் குழந்தை எப்போது பிறக்கப்போகிறது என்று கேட்டாராம். மூத்தவனுக்கு அப்போது பதினான்கு வயது.

‘திங்க்’ என்பதும் இப்படி இரட்டை வேடம் போடும். கருத்தைச் சொன்னால் ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’. உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் ‘ஐ ஆம் திங்கிங்’. தமிழிலும் ‘அவர் சொல்வது சரி என்று நினைக்கிறேன்’ என்பதை ‘நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று மாற்றினால், பிறகு அந்த நினைப்புத் தவறாகப் போகும் என்ற வாடை வந்துவிடும். காது சொல்வதைக் கேளுங்கள்.

இனி மூன்றாவது வாக்கியம்: ‘மை ஃபாதர் டோன்ட் நோ இங்கிலீஷ்.’ இங்கே ‘டஸன்ட்’ வர வேண்டும். தமிழர்கள் இந்த ‘எஸ்’ விஷயத்தில் திணறுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன என்று பத்து விகுதிகளை மூன்று வயதிலேயே பிழையில்லாமல் கையாளும் கூட்டம் நாம். ‘அவள் போகிறான்’ என்று கனவில்கூடச் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் இருப்பதோ ஒரே ஒரு விகுதி. படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஒரு ‘எஸ்’. அதை வழியில் தொலைத்துவிட்டு வருகிறோம்.

தொலைவதற்கும் காரணம் உண்டு. தமிழில் விகுதியைக் கழற்றினால் யார் செய்தார் என்பதே போய்விடும். ஆங்கிலத்தில் எழுவாய் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘எஸ்’ போனாலும் பொருள் புரிந்துவிடுகிறது. வேலை செய்யாத உறுப்பை மூளை கவனிப்பதில்லை. அந்த ‘எஸ்’ உண்மையில் ஒரு மிச்சம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் விகுதிகள் நிறைய இருந்தன. 1611-இல் வெளிவந்த ஆங்கிலப் பைபிள் மொழிபெயர்ப்பில் ‘ஹி கோயெத்’, ‘ஹி மேக்கெத்’ என்றுதான் இருக்கும். முன்னிலை ஒருமைக்குத் தனி விகுதியும் உண்டு. வட இங்கிலாந்தின் பேச்சு வழக்கிலிருந்து தெற்கே இறங்கி வந்த ‘எஸ்’, அந்த ‘எத்’தைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது. மற்ற விகுதிகள் உதிர்ந்துபோயின. இது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, எப்படி நினைவில் வைப்பது? ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘எஸ்’தான். எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டூ’ என்ற துணைவினை உள்ளே வருகிறது. அது வந்தவுடன் வினையிடம் இருக்கும் ‘எஸ்’ஸைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிடுகிறது. ‘ஹி நோஸ்’ என்ற வாக்கியத்தில் ‘எஸ்’ வினையின் மேல் இருக்கிறது. கேள்வியாக்கினால் ‘டஸ் ஹி நோ?’, வினை மொட்டையாகிவிட்டது. எதிர்மறையாக்கினால் ‘ஹி டஸன்ட் நோ’, இங்கும் மொட்டை. ‘டஸ் ஹி நோஸ்?’ என்று இரண்டு இடத்திலும் போட்டால், ஒரே மாலையை இரண்டு கழுத்தில் போட்ட கதை. பழைய ஆங்கிலத்துக்கு இந்த ‘டூ’ தேவைப்படவில்லை; அதே 1611 பைபிளில் ‘ஐ நோ நாட்’ என்றே வரும். இன்று அப்படிச் சொன்னால் நாடகத்தில் நடிக்கிறீர்களா என்பார்கள்.

எழுத்துக்கூட்டல் விதிகள் பெரிய விஷயமில்லை. ‘ஸ், ஷ், ச்’ போன்ற சீறும் ஒலியில் முடியும் வினைக்கும், ‘கோ’, ‘டூ’ ஆகியவற்றுக்கும் ‘ஈஎஸ்’ சேரும். மெய்யெழுத்துக்குப் பின் ‘ஒய்’ வந்து முடிந்தால் அது ‘ஐஈஎஸ்’ ஆகும். ‘ஸ்டடி’ என்பது ‘ஸ்டடீஸ்’ ஆவது அப்படித்தான். ‘ப்ளே’ போல ‘ஒய்’க்கு முன் உயிரெழுத்து இருந்தால் மாற்றம் இல்லை. உச்சரிப்புதான் கவனிக்க வேண்டியது. ‘வொர்க்ஸ்’ என்பதில் வருவது வெறும் காற்று ஒலி. ‘நோஸ்’, ‘ரன்ஸ்’ ஆகியவற்றில் தொண்டை அதிர வேண்டும்; தமிழ் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை, தொண்டையில் விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ‘வாட்சஸ்’, ‘வாஷஸ்’ போன்றவற்றில் ஓர் அசையே கூடுகிறது. இரண்டு சொற்கள் மட்டும் கண்ணை ஏமாற்றும். ‘சே’ என்பதோடு ‘எஸ்’ சேர்ந்தால் ‘சேஸ்’ என்று வராது, ‘செஸ்’. ‘டூ’ என்பதோடு சேர்ந்தால் ‘டூஸ்’ வராது, ‘டஸ்’. நன்றாகப் படித்தவர்கள்கூட ‘ஹி சேஸ்’ என்று இழுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

நான்காவது வாக்கியத்தில்தான் தமிழ் மிகவும் நுட்பமாக நம்மைக் கவிழ்க்கிறது. ‘அவர் வரும்போது சொல்வேன்.’ ‘வரும்’ என்று காதில் விழுந்ததும் ‘வில் கம்’ என்று கை எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வென்’, ‘இஃப்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்தில், வருங்காலத்தைச் சொன்னாலும் ‘வில்’ போடுவதில்லை. ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.’ ‘வில்’ முதன்மை வாக்கியத்தில் ஒருமுறை வந்துவிட்டது. வருங்காலம் என்ற செய்தி அங்கேயே சொல்லியாகிவிட்டது. தமிழை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். ‘வரும்போது’ என்பதில் இருக்கும் ‘வரும்’ வருங்காலம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ‘நேற்று அவர் வரும்போது மழை பெய்தது’ என்றும் சொல்கிறோமே. அந்த ‘வரும்’ காலம் காட்டாத பொதுச்சொல். ஆங்கிலத்தின் ‘கம்ஸ்’ஸும் அங்கே அதே மாதிரிதான் நிற்கிறது. ‘வந்தால்’ என்பதும் அப்படியே. ‘மழை பெய்தால் போக மாட்டேன்’ என்பதில் ‘பெய்தால்’ இறந்தகாலம் போலத் தோற்றம் காட்டுகிறது, ஆனால் மழை இன்னும் பெய்யவே இல்லை.

ஒரு விதிவிலக்கு: ‘எப்போது வருவார் என்று தெரியாது’ என்றால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’. இங்கே ‘வென்’ வேளையைக் குறிக்கவில்லை, கேள்வியைச் சுமக்கிறது. தமிழில் ‘போது’ வரும் இடமா, ‘எப்போது’ வரும் இடமா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

வருங்காலத்தைச் சிம்பிள் பிரசன்டில் சொல்லும் இன்னோர் இடம், அட்டவணை. ‘தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ.’ நாளை என்று இருந்தும் ‘வில்’ இல்லை. ரயில் ஆறு மணிக்குக் கிளம்புவது அட்டவணையில் எழுதிவைத்த உண்மை. அச்சடித்த தாளில் அது மலைபோல நிற்கிறது. விமானம், திரைப்படக் காட்சி, வகுப்பு தொடங்கும் நேரம், கடை திறக்கும் நேரம் எல்லாம் இப்படித்தான். தனிப்பட்டவர்களின் திட்டத்துக்கு இது பொருந்தாது. ‘ஐ மீட் மை ஃப்ரெண்ட் டுமாரோ’ என்று சொல்ல மாட்டார்கள். ‘ஐ ஆம் மீட்டிங்’ என்பார்கள். நண்பருக்குக் கால அட்டவணை கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு, சிம்பிள் பிரசன்ட் உண்மையாகவே ‘இந்த நொடி’யைச் சொல்லும் இடங்களும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வானொலியில் கால்பந்து வர்ணனையைக் கேளுங்கள்: ‘ஹி பாஸஸ், ஹி ஷூட்ஸ், ஹி ஸ்கோர்ஸ்!’ சொல்லி முடிப்பதற்குள் செயலும் முடிந்துவிடுகிறது. ‘இங்’ போட்டு நீட்ட நேரமில்லை. காத்திருந்த பஸ் கண்ணில் பட்டால் ‘ஹியர் கம்ஸ் தி பஸ்’ என்பதும் அந்த இனம். பத்திரிகைத் தலைப்புகள் நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோல எழுதும். கதைச் சுருக்கமும் நாடகக் குறிப்பும் இந்த வடிவத்தில்தான்: கதவு திறக்கிறது, அவள் உள்ளே வருகிறாள். தமிழிலும் நாம் அப்படியே எழுதுகிறோம் என்பதால் இதில் யாரும் தடுமாறி நான் பார்த்ததில்லை.

அதைவிடச் சுவையானது, சொல்வதே செயலாகிவிடும் வாக்கியங்கள். ‘ஐ ப்ராமிஸ்’, ‘ஐ அப்பாலஜைஸ்’, ‘ஐ ரிசைன்’. ‘ராஜினாமா செய்கிறேன்’ என்று சொன்ன கணத்தில் ராஜினாமா நடந்துவிடுகிறது. அந்த வாக்கியம் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய செய்தி ஆகாது, அதுவே நிகழ்ச்சி. ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1955-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இந்த வகை வாக்கியங்களை எடுத்துக்கொண்டு ஒரு விரிவுரை வரிசையே நிகழ்த்தினார். ‘ஐ ஆம் ப்ராமிசிங்’ என்று சொன்னால் வாக்குறுதி நீர்த்துப்போகும். யாரோ உங்களை வர்ணிப்பதுபோல இருக்கும். அலுவலகக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கும்போது ‘ஐ ஆம் அப்பாலஜைசிங்’ என்று எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது வாக்கியம், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’, என் கணக்கில் தனி வழக்கு. தமிழில் ‘பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றுவரை நீளும் ஒன்றை நிகழ்காலத்தில் அடக்கிவிட ‘ஆக’ என்ற இரண்டு எழுத்து நமக்குப் போதும். ஆங்கிலத்தில் இரண்டு நிகழ்காலமும் அதற்குப் போதாது. ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று பெர்ஃபெக்ட் வடிவத்துக்குப் போயாக வேண்டும். ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்லும், ‘ஃபார்’ நீளத்தைச் சொல்லும். வாக்கியத்தில் ‘ஆக’வோ ‘இருந்து’வோ தட்டுப்பட்டால் சிம்பிள் பிரசன்டை எடுக்காதீர்கள் என்பதோடு இதை இங்கே நிறுத்துகிறேன், பெர்ஃபெக்ட் பற்றி எழுத இன்னொரு பதில் வேண்டும்.

மிச்சம் இருப்பது ஆறாவது. ‘ஐ ஆம் லிவிங் வித் மை அன்கிள்.’ இதைத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தவன், கீழே வைத்துவிட்டேன். வேலை கிடைக்கும்வரை, வீடு கிடைக்கும்வரை, சில மாதங்களுக்கு என்று தங்கியிருந்தால் இந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. தற்காலிகம் என்பதை ‘இங்’ அழகாகச் சொல்கிறது. அதுதான் வீடு, அங்கிருந்து நகரும் எண்ணம் இல்லை என்றால் ‘ஐ லிவ் வித் மை அன்கிள்’. இரண்டில் எது சரி என்று நான் சொல்ல முடியாது. உங்கள் மாமாவைக் கேளுங்கள்.